வீட்டுப் பானைக்கும் உரிமம் வேண்டுமா?

முளைகட்டிய பார்லியை உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் இட்டால் சில வாரங்களில் பீர் தயார். பெருநகரங்களில் இளைஞர்கள் சிலர் இதை வீட்டுச் சமையலறையில் பழகுகின்றனர். பார்லி வாங்குவது குற்றமல்ல. ஈஸ்ட் வாங்குவதும் குற்றமல்ல. இரண்டும் ஒரே பாத்திரத்தில் புளித்தால், 2009-ஆம் ஆண்டின் தில்லி கலால் சட்டப்படி உரிமமின்றி மது தயாரித்த குற்றமாகிவிடும். தண்டனை ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை.

நகரத்து இளைஞருக்கு இது பொழுதுபோக்கு. கைவிட்டால் பெரிய இழப்பில்லை, கடையில் வாங்கிக்கொள்வார். ஜார்க்கண்டின் சந்தால், முண்டா, ஹோ குடும்பங்களில் தாயிடம் மகள் கற்கும் 'ஹண்டியா' அப்படிப்பட்டதன்று. சோற்றைப் பரப்பி ஆறவிட்டு, அரிசி மாவும் மூலிகை வேர்களும் சேர்த்து உருட்டிய 'ரானு' வில்லைகளைப் பொடித்துக் கலந்து, பானையில் மூடி வைக்கின்றனர். பார்லியில் முளை செய்யும் வேலையை இங்கே ரானுவிலுள்ள பூஞ்சைகள் செய்கின்றன. சோறு எந்த அளவுக்கு ஆற வேண்டும், குளிர்காலத்தில் எத்தனை நாள் கூடுதலாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கம். மூதாதையருக்குப் படைக்கவும் திருமணத்துக்கும் இது வேண்டும்.

இந்தப் பிரச்னையை அரசியல் நிர்ணய சபையிலேயே எழுப்பியவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். 1948 நவம்பர் 24 அன்று, மதுவிலக்கு குறித்த வழிகாட்டு நெறி (இன்றைய 47-ஆவது பிரிவு) விவாதத்துக்கு வந்தபோது, இது பழங்குடியினரின் சமய உரிமையில் தலையிடுவதாகும் என்று அவர் எதிர்த்தார். ஆறாவது அட்டவணையைச் சுட்டிக்காட்டி அம்பேத்கர் பதிலளித்தார். பழங்குடியினருக்குப் போதிய பாதுகாப்பு அதிலேயே உள்ளது என்பது அவரது வாதம்.

பாதுகாப்பு உண்மைதான். காய்ச்சி வடிக்கப்படாத மதுவை அருந்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் எதுவும், மாவட்ட கவுன்சில் அறிவிக்கை செய்தாலன்றி, தன்னாட்சி மாவட்டங்களில் செல்லாது என்கிறது அந்த அட்டவணையின் 12-ஆவது பத்தி. புளிக்கவைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு என்பதை அரசியல் சாசனம் அறிந்திருக்கிறது. கலால் துறைகள்தாம் அறியவில்லை. அஸ்ஸாமில் இந்த அட்டவணையின் கீழ் வரும் திமா ஹசாவோ மாவட்டத்தின் திமாசா மக்கள் தயாரிக்கும் அரிசி மதுவான 'ஜுதிமா'வுக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், கேள்வி கேட்டவரின் சொந்த மண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. சோட்டாநாகபுரி ஐந்தாவது அட்டவணையில் உள்ளது. அங்கே சட்டத்துக்கு விலக்களிப்பது ஆளுநரின் விருப்பம். 1996-ஆம் ஆண்டின் 'பெசா' சட்டம் கிராம சபைக்கு மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தரச் சொன்னதே தவிர, வீட்டுப் பானைக்குக் காப்பளிக்கவில்லை.

வாரச் சந்தைகளில் ஹண்டியா விற்பனையால் குடும்பங்கள் சீரழிகின்றன என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. விற்கும் பெண்களை வேறு தொழிலுக்கு மாற்ற ஜார்க்கண்ட் அரசே 2020-இல் 'பூலோ ஜானோ' திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அது விற்பனையைப் பற்றியது. 1978-இல் வீட்டு பீருக்கு வரிவிலக்கு அளித்த அமெரிக்கா, ஒருவருக்கு ஆண்டுக்கு 100 காலன், விற்பனை கூடாது என்று கோடு கிழித்தது. 2022-இல் பிகாரின் சாரண் மாவட்டத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது கள்ளச்சாராயம். பானையில் புளித்த சோறு அல்ல.

மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்று மத்திய அரசு கைகழுவலாம். மாநிலங்களின் அதிகாரத்தை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வும் விரிவாக ஏற்றது. ஆனால் ஐந்தாவது அட்டவணையின் 7-ஆவது பத்தி, அந்த அட்டவணையைச் சாதாரணச் சட்டத்தின் மூலமே திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மூன்றில் இரு பங்கு பெரும்பான்மை தேவையில்லை. 12-ஆவது பத்தியின் அந்த ஒரு வாக்கியத்தை அங்கேயும் சேர்க்க, ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் உறுப்பினர்களில் ஒருவர் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். கூட்டத்தொடர் நடக்கும் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள் அதற்காகவே ஒதுக்கப்பட்டுள்ளன.