சைலன்சருக்கு 12,000 எடுத்து வெச்சாச்சு, டியூனிங்குக்கு?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எல்லாம் இந்த வாரம் கொஞ்சம் ஓரமா இருக்கட்டும். சைலன்சர் பத்திப் பேசுவோம். பைனான்ஸ் பேசுற இடத்துல சைலன்சருக்கு என்ன வேலைன்னு கேக்கலாம். போனஸ் வர்ற மாசம் நம்ம பசங்க முதல்ல கை வைக்கிற இடமே அதுதானே.

மாட்டவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. உங்க காசு, உங்க ஆசை. ஆனா கடைக்காரர் சொல்றது பாதி விலைதான். மீதி பாதி, இன்ஜினுக்குப் போற பெட்ரோலையும் காத்தையும் திரும்ப சரி பண்ற செலவு. பெரும்பாலானவங்க முதல் பாதியை மட்டும் கட்டிட்டு, இன்னொரு பாதியை இன்ஜின் தலையில கட்டிடறாங்க.

இது ஏன் தேவைப்படுதுன்னு பார்ப்போம். பெட்ரோல் சரியா எரிய 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காத்து வேணும். இப்போ பங்க்ல போடற இ20 பெட்ரோல்ல எத்தனால்லயே கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கறதால அந்தக் கணக்கு சுமார் 13.5-க்கு இறங்கிடும். அதாவது அதே அளவு காத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் தேவை. இந்த நிலைமையில ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டினா புகை சுலபமா வெளியேறி, காத்து அதிகமா உள்ளே வரும். பெட்ரோல் மட்டும் பழைய அளவுலயே வந்தா அதுக்குப் பேர்தான் 'லீன்'. வண்டி சூடாகும், பிக்கப் ஒரு இடத்துல திக்கும். இதே நிலைமையில முழு த்ராட்டில் முறுக்கிட்டே போனா வால்வும் பிஸ்டனும் அடி வாங்கும்.

'ஓ2 சென்சார் இருக்கு, ஈசியு தானே சரி பண்ணிக்கும்'னு ஒரு பதில் ரெடியா வரும். அது பாதி உண்மை. 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டிகள்ல, சீரான வேகத்துல போகும்போது ஓ2 சென்சார் சொல்றதைக் கேட்டு ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைச்சுக்கும். ஆனா முழுசா முறுக்கும்போது சாதாரணமா அது சென்சார் பேச்சைக் கேக்காது. கம்பெனி எழுதி வெச்ச மேப்பைப் பார்த்துதான் ஊத்தும். அந்த மேப் எழுதினப்போ உங்க புது சைலன்சர் கணக்குலயே இல்ல. ஏர் ஃபில்டர், பெண்ட் பைப்பைத் தொடாம ஸ்லிப்-ஆன் மட்டும் மாத்தினா வித்தியாசம் பெரும்பாலும் சின்னதா இருக்கும். பெண்ட் பைப்போட முழு செட், கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் காலின்னா மேப்பைத் தொடாம விடக் கூடாது.

எஃப்ஐ வண்டிக்கு அதனாலதான் பிக்கிபேக் டியூனர் மாட்டறாங்க. ஈசியுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல உக்காந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கற நேரத்தைக் கொஞ்சம் நீட்டற பெட்டி அது. ஓ2 சென்சார் சிக்னலையும் அது கையாளணும். இல்லேன்னா பெட்டி கூட்டினதை ஈசியு திரும்பக் குறைச்சிடும். பெட்டி, அதுக்கான மேப், டைனோவுல ஏத்திப் பார்க்கறதுன்னா அதுக்கு ஒரு கட்டணம், புதுக்கோட்டையில இருந்து அந்தக் கடைக்குப் போய் வர்ற செலவு, போடற லீவு... இதெல்லாம் சேர்த்தாத்தான் சைலன்சரோட நிஜ விலை. பல நேரம் சைலன்சர் அளவுக்கே இன்னொரு தொகை ஆகிடும்.

கார்புரேட்டர் வண்டி வெச்சிருக்கவங்களுக்கு இந்த விஷயத்துல யோகம். அப்பாவோட ஆர்எக்ஸ்100 ஆகட்டும், 2020-க்கு முன்னாடி வாங்கின கிளாசிக் 350 ஆகட்டும், மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தறது, நீடிலை ஒரு சின்ன வாஷர் வெச்சுத் தூக்கறது, ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தா திருப்பி ஐடிலிங் பார்க்கறதுன்னு, கை பழகின மெக்கானிக் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவார். தொடறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ எத்தனை சுத்துல இருந்ததுன்னு ஒரு தாள்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. இன்ஜின் நல்லா சூடான பிறகுதான் கை வைக்கணும். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து பிளக்கைக் கழட்டிப் பாருங்க. டீத்தூள் நிறம்னா சரி, வெள்ளையா இருந்தா லீன், கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி.

த்ராட்டிலை விட்டதும் 'பட் பட்'னு வெடிக்குதா? அதை ஸ்டைலுன்னு ரசிக்கறவங்க இருக்காங்க. நேரா டியூனர் வாங்க ஓடறவங்களும் இருக்காங்க. அதுக்கு முன்னாடி பெண்ட் பைப் சேர்ற இடத்துல கேஸ்கெட் லீக் ஆகுதான்னு பாருங்க. அந்த வழியா வெளிக்காத்து உள்ளே போனாலும் வெடிக்கும். ஓ2 சென்சாரும் ஏமாந்து தப்பா படிக்கும். கேஸ்கெட் சில்லறைக் காசு.

இப்போ நம்ம ஏரியாவான கணக்குக்கு வருவோம். வீடு புதுக்கோட்டை, வேலை திருச்சின்னு கீரனூர் வழியா தினமும் பைக்ல போறவங்களை எடுத்துக்கங்க. போக வர 110 கிலோமீட்டர், மாசம் 24 நாள்னா 2,640 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 கொடுத்த வண்டி, டியூனிங்ல பெட்ரோலைக் கூட்டினதுக்கும் சத்தம் கேக்கறதுக்காகவே கூடுதலா முறுக்கறதுக்கும் சேர்த்து 31-க்கு இறங்குதுன்னு வைங்க. (ரெண்டாவது காரணத்தை யாரும் ஒத்துக்க மாட்டாங்க!) மாசம் 9.7 லிட்டர் அதிகம். லிட்டர் 101 ரூபாய்னா 980 ரூபாய் சொச்சம், வருஷத்துக்கு கிட்டத்தட்ட 11,800. உங்க வண்டிக்கு இந்த நம்பர் மாறும், நீங்களே போட்டுப் பாருங்க. ஆனா 12,000 ரூபாய் சைலன்சரை வருஷா வருஷம் திரும்ப வாங்கற மாதிரி ஒரு கணக்கு இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. மாசம் 1,000 எஸ்ஐபிக்கு வழியே இல்லன்னு சொல்றவங்க இந்த 980-ஐ மட்டும் ஒரு தடவை பாருங்க.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறதைக் கட்டுப்படுத்துது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்குல இதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, வண்டியை இப்படி மாத்தற ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்னு போட்டிருக்காங்க. சத்தம், புகை வரம்பு மீறினா அது தனி. அதுக்கு 10,000 வரை அபராதமும், மூணு மாசம் லைசென்ஸ் தகுதி இழப்பும் வரலாம். விதிப்படி 80-ல இருந்து 175 சிசி வரை 77 டெசிபல், அதுக்கு மேல 80 டெசிபல். குடுமியான்மலையில இசைக் கல்வெட்டு வெச்சிருக்கற மாவட்டம் நம்மது. ராத்திரி 11 மணிக்கு கீழ ராஜ வீதியில முறுக்கறது இசை இல்லன்னு நமக்கே தெரியும்.

அபராதத்தை விட என்னைக் கவலைப்பட வைக்கறது வாரண்டியும் இன்சூரன்சும்தான். ஈஎம்ஐ இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கற வண்டியில, சைலன்சரையும் வயரிங்கையும் மாத்தினதால வந்த கோளாறுன்னு சர்வீஸ் சென்டர் சொன்னா அந்த செலவு உங்க பாக்கெட்தான். மாடிஃபிகேஷனை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம விட்டா, ஓன் டேமேஜ் கிளெய்ம் நேரத்துல அது ஒரு பிரச்சினையா எழும்பலாம். வாங்கறதுக்கு முன்னாடி வாரண்டி புக்கையும் பாலிசியையும் ஒரு தடவை படிங்க, அரை மணி நேரம்கூட ஆகாது.

என்னைக் கேட்டா ஈஎம்ஐ ஓடற வரைக்கும், எமர்ஜென்சி ஃபண்ட் மூணு மாச சம்பளத்தைத் தொடற வரைக்கும் ஸ்டாக் சைலன்சரே போதும். அதுக்கப்புறமும் ஆசை விடலன்னா, உங்க மாடலுக்குன்னு கம்பெனியே ஆக்சஸரியா விக்கற ஸ்லிப்-ஆன் இருக்கான்னு முதல்ல விசாரிங்க. டெசிபல், வாரண்டி ரெண்டையும் எழுத்துல கேளுங்க. முழு செட்டுதான் வேணும்னா சைலன்சர் காசையும் டியூனிங் காசையும் சேர்த்து ஒரே ஆர்டில போட்டு, ரெண்டும் கையில வந்த பிறகு கடைக்குப் போங்க.

இன்னொண்ணு. மெக்கானிக் கழட்டின பழைய சைலன்சரைக் கடையிலயே விட்டுட்டு வந்துடாதீங்க, எடைக்கும் போடாதீங்க. வண்டியை விக்கும்போது வாங்கறவர் முதல்ல கேக்கறது அதைத்தான். ரெண்டு வாய்லயும் துணி அடைச்சு, லேசா ஆயில் தடவி, சாக்குல சுத்திப் பரண்ல போட்டு வைங்க.