பெயருக்கும் விலை உண்டு

எத்தியோப்பியாவின் ஹரார், சிடாமோ, யிர்காச்செஃப் காபிகளுக்கு மேலைநாட்டுக் கடைகளில் கொள்ளை விலை. விளைவித்த விவசாயிக்கோ அதில் சொற்பமே மிச்சம். இந்தப் பெயர்களுக்கு வணிகக்குறி உரிமை கேட்டு அந்நாட்டு அரசு 2005-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. அங்குள்ள தேசிய காபி சங்கம் எதிர்த்தது. விளைந்த இடத்துக்குச் சான்று தரும் புவிசார் முறைதான் பொருத்தம் என்றது காபி நிறுவனமான ஸ்டார்பக்ஸ். எத்தியோப்பியாவிலோ லட்சக்கணக்கான சிறு விவசாயிகள், துண்டு துண்டாக நிலங்கள், பல கை மாறும் மூட்டைகள். இவை ஒவ்வொன்றுக்கும் சான்று கொடுத்துக் கண்காணிப்பது யாரால் ஆகும்? எத்தியோப்பியா மசியவில்லை. 2007-இல் ஸ்டார்பக்ஸ், அந்தப் பெயர்களை அங்கீகரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. உரிமக் கட்டணம் கேட்காமல், பெயரைப் பரப்பினால் போதும் என்றது எத்தியோப்பியா. கெட்டிக்கார வியாபாரம்தான்.

ஆனால், பெயரால் வரும் வருமானம் தோட்டம்வரை போய்ச் சேர வேண்டுமே! தென்னாப்பிரிக்காவின் ராய்போஸ் மூலிகைத் தேநீருக்கு 2021-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்கு முன்பே, 2019-இல், அந்த மூலிகையை வழிவழியாக அறிந்துவைத்திருந்த கோய், சான் மக்களுக்குக் கொள்முதல் விலையில் 1.5 சதவீதம் தர ஒப்பந்தமானது. தொகை சிறிது; ஆனாலும் எழுத்தில் இருக்கிறது. பெயர்களைப் பதிவுசெய்யும் ஆப்பிரிக்க அரசுகள், விளைவிப்பவரின் பங்கையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும்.