மதிலைத் தாண்டிய நிழல்

பெங்களூரில் வந்து குடியேறிய நம்மவரில் பலர் ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இந்நகரின் மரங்களைப் பற்றி எழுதியிருப்பார்கள். தெருவோர மரங்களுக்கு அரசின் ஆதரவு இருந்தது. 1908இல் லால்பாக் பொறுப்பேற்ற ஜெர்மானியர் கிரும்பிகல், ஆண்டு முழுதும் ஏதேனும் ஒன்று பூத்திருக்கும்படி மரங்களைத் தேர்ந்து நடச் செய்தார். ஆனால் நிழல் தெருவோரத்திலிருந்து மட்டும் வரவில்லை. அறுபதுக்கு நாற்பது மனைகளில் வீட்டுக்காரர்கள் வைத்த மாவும் பலாவும் மதிலைத் தாண்டித் தந்த நிழலும் அதில் உண்டு. அந்த மனைகள்தாம் இன்று நான்கு மாடிகளாகின்றன. சட்டப்படி விட்ட காலியிடத்திலும் காருக்காகச் சிமெண்டு பூசுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, விலக்குப் பெற்ற சில இனங்கள் நீங்கலாக, சொந்த மனையிலுள்ள மரத்தையும் அனுமதியின்றி வெட்டக் கூடாது. நல்ல சட்டந்தான். ஆயினும் விளைவைப் பாருங்கள்: மரம் வளர்த்தவருக்கு விண்ணப்பமும் அலைச்சலும், வளர்க்காதவருக்கு நிம்மதி! "வேப்பங்கன்று முளைத்தால் இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுவேன், பிறகு கை வைக்க முடியாது" என்று நம் அன்பர் ஒருவரே சொல்லக் கேட்டோம். அவரைக் குறை கூறிப் பயனில்லை.

சொத்துவரியை முன்கூட்டியே முழுதாகக் கட்டுவோருக்கு 5 விழுக்காடு தள்ளுபடி தந்து பழகியது இந்நகர நிர்வாகம். தெருவுக்கு நிழல் தருபவருக்கு மட்டும் ஏன் கூடாது? மின்கம்பியில் உரசும் கிளையை நிர்வாகமே தன் செலவில் கழித்துக் கொடுக்கட்டும். 2009இல் மழைநீர்ச் சேகரிப்பை மனையின் அளவு பார்த்துத்தானே கட்டாயமாக்கினார்கள்? அதுபோலப் பெரிய மனைகளில் சிமெண்டு படாத மண் இவ்வளவு இருந்தாக வேண்டும் என்று விதிக்கட்டும். இருபதுக்கு முப்பதில் குருவிக்கூடு கட்டியவரிடம் ஆலமரம் கேட்பது அநியாயம். அவருக்கு முருங்கையும் கறிவேப்பிலையும் போதும்.

சலுகை வீட்டுக்காரருக்குத்தானே, வாடகைக்கு இருக்கும் நமக்கென்ன என்று உறுப்பினர்கள் கேட்கலாம். ஏப்ரல் வெயிலில் தள்ளுவண்டியோடு நிற்பவர் யார்? சாரத்திலிருந்து இறங்கிச் சோற்றுப் பொட்டலம் பிரிப்பவர் யார்? நம்மவர்தாம். அவர்கள் ஒதுங்குவது யாரோ ஒருவரின் மதிலைத் தாண்டி வந்த கிளையின் கீழ்தான்.

2025இல் நகர நிர்வாகம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், ஐந்துக்கும் தனித்தனியே மனு எழுதியாக வேண்டும். கையெழுத்திடச் சங்கத்துக்கு வரும் அன்பர்கள், தங்கள் தெருவில் மனைகளுக்குள் நிற்கும் மரங்களை எண்ணிக் குறித்துக்கொண்டு வரவும்.