விமானத்துக்குச் சொந்தக்காரருக்குச் சட்டம். ஓட்டியவருக்குப் பட்டை நாமமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர் மக்களே!

நம்ம தலைக்கு மேலதான் தினமும் விமானம் ஏறுது, இறங்குது. திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போறவங்க நம்ம தெருவுலயே இருக்காங்க. அதனால இது நம்ம வீட்டுப் பிரச்சினை.

ஒரு விமான கம்பெனி தள்ளாட ஆரம்பித்தால் முதலில் யாரைக் கூப்பிடுகிறார்கள்? ஊழியர்களை. "கம்பெனி பிழைக்கணும்னா நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்கிறார்கள். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லைன்னு நம்ம பெரியவங்க சொல்வாங்க. விமான கம்பெனியில் விட்டுக்கொடுத்தவர்கள்தான் கெட்டுப்போயிருக்கிறார்கள்.

ஜெட் ஏர்வேஸ் கதையைப் பாருங்கள். 2019 ஜனவரியிலிருந்து விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் சம்பளம் வரவில்லை. "ஏப்ரல் 1 முதல் பறக்க மாட்டோம்" என்று அறிவித்த விமானிகள் சங்கம், கம்பெனிக்கு அவகாசம் கொடுத்து அதை 15ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது. 14ஆம் தேதி மறுபடியும் தள்ளிவைத்தது. சம்பளமே இல்லாமல் விமானம் ஓட்டினார்கள்! மூன்றே நாளில், ஏப்ரல் 17 இரவு, அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம் பறந்தது. அத்தோடு சரி. 2024 நவம்பர் 7 அன்று, கம்பெனியைக் கலைத்துச் சொத்துகளை விற்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

அதற்கு முன் 2012இல் கிங்ஃபிஷரிலும் இதே கதைதான். ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. முதலாளி 2016இல் நாட்டை விட்டே போய்விட்டார்.

"லட்சத்துல சம்பளம் வாங்குறவங்களுக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா, உரிமமும் சங்கமும் கையில் இருக்கிற விமானிக்கே இந்த கதின்னா, பெட்டி ஏற்றுகிற, தரை துடைக்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கதி? யோசிச்சுப் பாருங்க.

இப்போது அரசு யார் பக்கம் நின்றது என்று பாருங்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டது. வாடகைக்கு விட்ட விமானங்கள் மாட்டிக்கொண்டன. உடனே அக்டோபரில், திவால் சட்டத்தின் தடையிலிருந்து விமானங்களுக்கு விலக்கு அளித்து ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2025இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே வந்துவிட்டது. அவர்கள் சொத்து அவர்களுக்குத் திரும்பட்டும், தப்பில்லை. உழைத்தவர் கூலி?

குத்தகைத் தவணை தவறியதாக அறிவித்த பிறகு சேரும் சம்பளப் பாக்கிக்கு மட்டும் விமானத்தின் மேல் ஊழியருக்கு உரிமை உண்டு. அதற்கு முன்னால், கம்பெனியை நம்பி மாதக்கணக்கில் விட்டுக்கொடுத்தார்களே, அந்தப் பாக்கிக்கு? கலைப்பு வரிசையில் நில் என்கிறது சட்டம். அங்கேயும் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வராத ஊழியருக்கு, அடமானம் பிடித்த வங்கிகளுக்குப் பின்னாடிதான் இடம்!

ஆனால் கப்பலுக்கு வேறு நியாயம். மாலுமிக்குச் சம்பளம் பாக்கி வைத்த கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தால், உயர் நீதிமன்ற உத்தரவு வாங்கி அதைச் சிறைபிடிக்கலாம். 2017ஆம் ஆண்டின் கடல்சார் சட்டப்படி, கப்பலின் மேல் முதல் உரிமை மாலுமியின் கூலிக்குத்தான். கடலில் இருக்கிற நியாயம் வானத்தில் ஏன் இல்லை?

நாம் கேட்பது மூன்றுதான்:

1. சம்பளத்தைக் குறைக்கணுமா? திருப்பித் தரும் தேதியை எழுத்தில் கொடு. கம்பெனியில் பங்கும் கொடு.

2. ஒரு மாதச் சம்பளம் நின்றாலே, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

3. மாலுமிக்கு இருப்பதுபோல, விமானி முதல் பெட்டி ஏற்றுபவர் வரை எல்லோருடைய முழுப் பாக்கிக்கும் விமானத்தின் மேல் முதல் உரிமை வேண்டும்.

நஷ்டத்தில் பங்கு கேட்கிறவர்கள், சொத்திலும் பங்கு தரட்டும். உங்கள் தொகுதி எம்.பி.யைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள். விமான நிலையத்தில் வேலை செய்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் பகிருங்கள்.

#உழைத்தவர்க்கே_முதல்_உரிமை