கழற்றியது எங்கே போனது?

சென்னையில் பழைய ஃபிளாட் ஒன்றைப் புதுப்பிக்கிறோம் என்றால் முதல் வாரம் முழுக்க உளிச் சத்தம்தான். தரையைப் பெயர்ப்பார்கள், குளியலறை டைல்ஸை உடைப்பார்கள், அலமாரிக் கதவுகளைக் கழற்றி வராந்தாவில் சாய்த்து வைப்பார்கள். எல்லாம் சாக்கில் ஏறி, இரவோடு இரவாகக் குட்டியானையில் எங்கோ போய்விடும். அதன் பிறகுதான் நாம் மூங்கில் விளக்கும் கோரைப்பாயும் மணமில்லாத பெயின்டுமாக உள்ளே நுழைகிறோம். வேலை முடிந்ததும் எடுக்கும் படங்களுக்குக் கீழே 'சுற்றுச்சூழலுக்கு இசைந்த நவீன இல்லம்' என்று எழுதுகிறோம்.

இந்த இதழுக்கு வரும் திட்டக் கட்டுரைகளில் அந்தச் சொற்றொடர் இல்லாதது அபூர்வம். வீட்டுக்குள் புதிதாக வந்தவற்றின் பட்டியல் நீளமாக இருக்கிறது. வெளியே போனவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

குறை சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நினைத்து இதை எழுதவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் மந்தைவெளியில் ஒரு வீடு. கூடம் முழுக்க மொசைக் தரை, ஓரிடத்தில் மட்டும் விரிசல். "பாலிஷ் போட்டா போதாதா தம்பி?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா. "பழைய வீடு மாதிரியே தெரியும்மா" என்றேன். நான்கு நாளில் எல்லாம் பெயர்ந்து வெள்ளை விட்ரிஃபைட் வந்துவிட்டது. சிமென்டில் பளிங்குச் சில்லு கலந்து போட்ட அந்தத் தரையை இன்னும் இரண்டு மூன்று முறையாவது தேய்த்து மெருகேற்றியிருக்கலாம். அது எனக்கு அப்போதே தெரியும். அதே சில்லுத் தரையை இன்று டெராஸோ என்று பெயர் மாற்றி, பத்திரிகை அட்டையிலும் போட்டு, பல மடங்கு விலைக்கு விற்கிறோம்.

விட்ரிஃபைட் டைல் 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடப்படுகிறது. பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் நாட்டையே கடந்து வருகிறது. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். ஆனால் அதிலும் சிமென்ட் இருக்கிறது, அதுவும் வண்டியேறித்தான் வருகிறது. நல்ல நிலையில் உள்ள மொசைக்கை உடைத்துவிட்டு அங்கே ஆத்தங்குடி போடுவதைப் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய தேக்குக்கும் இது பொருந்தும். காரைக்குடியில் விற்கும் பர்மா தேக்குத் தூணை வாங்கி வரவேற்பறையில் நிறுத்தினால் ஒரு மரத்தைக் காப்பாற்றிவிட்டதாகத் தோன்றும். அந்தத் தூண் ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாம் தரும் விலை ஏற ஏற, அடுத்த வீட்டின் வாரிசுகளுக்குப் பிரித்து விற்பதே லாபமாகிறது. இடிந்தே போன வீட்டின் மரத்தை வாங்குவது வேறு, நம் தேவைக்காகவே ஒரு வீடு இடிவது வேறு. எது எந்த வகை என்று கடையில் விசாரிப்பவர்கள் நம்மில் குறைவு.

ப்ளைவுட் விஷயத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். சமையலறையில் தண்ணீர் படும் என்று ஐஎஸ் 710 மரைன் ப்ளை போடுகிறோம். படுக்கையறை வார்ட்ரோபுக்கு எம்.ஆர். கிரேடு போதும் என்று மிச்சம் பிடிக்கிறோம். தண்ணீரை மட்டும் பார்த்தால் கணக்கு சரி, காற்றைப் பார்த்தால் தலைகீழ். மரைன் ப்ளையின் ஃபீனால் பசை ஃபார்மால்டிஹைடை மிகக் குறைவாகவே வெளிவிடும். எம்.ஆர். கிரேடில் வழக்கமாக இருக்கும் யூரியா பசை அதைவிட அதிகமாக, ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஆக, மனிதர் எட்டு மணி நேரம் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கும் அறையில்தான் நாம் மலிவான பலகையை வைக்கிறோம்.

ஃபார்மால்டிஹைடு குறைந்த அளவில்தான் வெளியேறும் என்பதற்கான 'இ-1' முத்திரை இருந்தால் கவலையில்லை என்று கடைக்காரர் சொல்வார். அந்த அளவுக்கான ஐரோப்பியச் சோதனை நடப்பது 23 டிகிரி வெப்பத்தில், 45 சதவீத ஈரப்பதத்தில். சென்னையில் மே மாதம் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையை நினைத்துப் பாருங்கள். வெப்பமும் ஈரமும் ஏற ஏறப் பலகை கூடுதலாக மூச்சு விடும். முத்திரை பொய்யில்லை, ஆனால் அது நம் ஊரில் வைத்துச் சோதித்த முத்திரையும் இல்லை. வெட்டிய விளிம்பும் துளையும்தான் அதிகம் கசியும் இடங்கள். ஆசாரி வெளிப்பக்கம் மைக்கா ஒட்டிவிட்டு, கதவின் பின்பக்கத்தையும் தட்டின் ஓரத்தையும் அப்படியே விட்டால் முத்திரையால் பயன் அதிகமில்லை. எட்ஜ் பேண்டிங்குக்கு ஆகும் செலவு முழு வேலையில் ஒரு சுண்டைக்காய்.

இருப்பதை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று பார்க்க, புதுச்சேரிக்குப் போகும்போது அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அனுமதி வாங்கிப் பாருங்கள். கட்டடக் கலைஞர் ஆண்டனின் ரேமண்டின் வடிவமைப்பு. ஜார்ஜ் நகாஷிமா அங்கேயே தங்கி வேலையை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் முடிந்த கட்டடம் அது. கடப்பைக் கல் தரை, இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவுகள், காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்பத் திருப்பிக்கொள்ளும் பலகைகள், அளவான சாமான்கள். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுகளுக்கான பிடிகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். (வெளிப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். அந்தக் காலத்துக்கு அது நவீனம். நாம் இன்று கொண்டாடும் எதை நம் பேரப்பிள்ளைகள் பார்த்து முகம் சுளிப்பார்களோ.) எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அறைகளைப் பார்த்தால் பழசாகத் தோன்றுவதில்லை. தினமும் துடைக்கிறார்கள், தேய்ந்ததைச் சரிசெய்கிறார்கள், அவ்வளவுதான்.

துடைப்பதற்கும் சரிசெய்வதற்கும் நமக்கு யார் பணம் தருகிறார்கள்? நம்மில் பலருக்கு ஊதியம் சதுர அடிக் கணக்கில், அல்லது மொத்தச் செலவில் ஒரு சதவீதமாக வருகிறது. ப்ளைவுட் கடையும் டைல்ஸ் கடையும் தரும் கமிஷன் வேறு. இதை நாம் அச்சில் பேசுவதில்லை, டீக்கடையில் பேசுகிறோம். "இந்தத் தரை இருக்கட்டும், அலமாரிக்குக் கதவு மட்டும் மாற்றுவோம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் வடிவமைப்பாளர் தன் பையிலிருந்தே பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். அதைச் சரிக்கட்டாமல் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், பசுமை என்பது பலகையின் மேல் ஒட்டிய இன்னொரு மைக்காதான். மதிப்பீட்டில் 'வைத்துக்கொள்பவை' என்று தனித் தலைப்புப் போட்டு, ஆய்வுக்கும் பழுதுபார்ப்புக்கும் தனி ஊதியம் கேட்கத் தொடங்கலாம். முதலில் சிலர் முகத்தைச் சுருக்குவார்கள். புதுத் தரையின் விலையைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டினால் பேச்சு நடக்கும்.

சட்டம் நம்மை இழுத்துப் பிடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். 2016-இல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் பெரிய பொறுப்புகளை வைத்தது ஒரே நாளில் 20 டன், அல்லது ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன் கழிவை உண்டாக்குவோர் மீது. இரண்டு படுக்கையறை ஃபிளாட் அந்தக் கணக்கில் வராது. அது சாக்குமூட்டையாகவே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த இதழிலிருந்து திட்டக் கட்டுரை அனுப்பும் படிவத்தில் புதிதாக ஒரு பகுதி சேர்க்கிறோம். எதைக் கழற்றினீர்கள், ஏறத்தாழ எத்தனை மூட்டை, அது எங்கே போனது, எதை வைத்துக்கொண்டீர்கள் என்று எழுத வேண்டும். அந்தப் பகுதி காலியாக இருந்தால் கட்டுரை திரும்பி வரும். 'எங்கே போனது என்று தெரியாது' என்று எழுதினாலும் அப்படியே அச்சிடுவோம். மந்தைவெளி வீட்டுக்கு நான் எழுத வேண்டியதும் அதுதான்.