கொள்ளிடத்துத் தூசிக்குப் பருத்தி வலையா?

எண்ணெய் தடவிய பருத்தி ஏர் ஃபில்டர் மாட்டினால் லாரியின் இழுவை கூடும் என்கிறார் நண்பர். கூடாது. டீசல் எஞ்சினின் இழுவையை நிர்ணயிப்பது உள்ளே போகும் டீசல். காற்று ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் போகிறது. அரியமங்கலத்தில் கிளம்பி, பால்பண்ணை கடந்து, ஸ்ரீரங்கத்தை ஒட்டிக் கொள்ளிடம் தாண்டும் வண்டிக்கு எமன் மணல்தூசி. காகித ஃபில்டர் பிடிக்கும் பொடியைப் பருத்தி பொதுவாக அந்த அளவுக்குப் பிடிக்காது. ஃபில்டருக்கு அப்பாலுள்ள ஹோஸைக் கழற்றி, உட்புறம் விரலால் தடவிப் பாருங்கள். மாவுபோல் ஒட்டுகிறதா? டர்போ இறக்கையையும் பிஸ்டன் ரிங்கையும் அராவுவது அதுதான். கழுவி மாட்டலாம், காசு மிச்சம் என்கிறீர்களே, ரீபோர் செலவைக் கணக்கில் சேர்த்தீர்களா? அடைப்புக் காட்டி சிவப்பானதும் புதுக் காகித ஃபில்டரை மாட்டுங்கள்.