பாலத்துக்கு ஒரு சீட்டு

ஜிம்பாப்வேயையும் ஜாம்பியாவையும் இணைக்கும் விக்டோரியா அருவிப் பாலத்தின் நீளம் 198 மீட்டர். நிதானமாக நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் அக்கரை வந்துவிடும். ஜிம்பாப்வே சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்கும் சுற்றுலாப் பயணிக்கு முத்திரை குத்திய துண்டுச் சீட்டு ஒன்று கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடு எல்லைக்கோட்டைத் தாண்டலாம். 128 மீட்டர் கீழே ஓடும் ஜாம்பேசி ஆற்றை எட்டிப் பார்க்கலாம். துணிச்சல் இருந்தால் காலில் கயிறு கட்டிக் குதிக்கவும் செய்யலாம். ஜாம்பியாவின் சாவடிக்குள் நுழையாதவரை அந்நாட்டு விசா தேவையில்லை. பலருக்கு இது ஒரு பயண வேடிக்கை. எனக்கோ இது ஒரு சாட்சியமாகப் படுகிறது: எல்லையின் இறுக்கம், கடப்பவரைப் பார்த்துக் கூடும், குறையும்.

பாலத்தைக் கட்டியவர்கள் அங்கே ஒரு தேச எல்லையை நினைத்திருக்கவே மாட்டார்கள். கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை ரயில் விடவேண்டும் என்ற பிரிட்டிஷ் பேரரசுவாதி சிசில் ரோட்ஸின் ஆசையில் அது ஒரு கண்ணி. ரயில் பெட்டியில் அருவியின் சாரல் தெறிக்கவேண்டும் என்று அவர் விரும்பியதாகச் சொல்வார்கள். அருவியைக் கண்ணால் பார்க்காமலே 1902இல் இறந்துபோனார். 1905 செப்டம்பரில் பாலத்தைத் திறந்துவைத்தவர் சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின். அன்று இரு கரைகளும் ஒரே பிரிட்டிஷ் கம்பெனியின் ஆட்சியில் இருந்தன. 1964இல் ஜாம்பியா விடுதலை பெற்றது; தென்கரையில், இன்றைய ஜிம்பாப்வேயான ரொடீசியா வெள்ளையர் ஆட்சியிலேயே நீடித்தது. 1973 ஜனவரியில் அதன் பிரதமர் இயன் ஸ்மித் எல்லையை மூடினார். சில வாரங்களில் அவர் திறந்தும், அதிபர் கென்னத் கவுண்டாவின் ஜாம்பியா 1978 வரை தன் கதவைத் திறக்கவில்லை. அப்படி அடைபட்டிருந்த பாலத்தின் நடுவில்தான், 1975 ஆகஸ்டில், ஒரு ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்மித் தரப்பு ரொடீசியாவுக்குள்ளும், கறுப்பின விடுதலைத் தலைவர்கள் ஜாம்பியாவுக்குள்ளுமாக, ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு ஒரே நாளில் முறிந்தது. ஆனாலும், தலைவர்களுக்கு வேண்டியிருந்தபோது கோட்டின் மேலேயே நாற்காலி போட முடிந்திருக்கிறது.

இன்று அதே கோட்டைச் சரக்கு சுமந்து கடக்கும் உள்ளூர் வியாபாரிக்கு அவ்வளவு தளர்வு இல்லை. அவரையும் வேடிக்கை பார்ப்பவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். திரும்பிவிடுபவரால் சுங்கத்துக்கு இழப்பில்லை. சரக்குக்குக் கணக்கு வேண்டும். சிறு வியாபாரிகளுக்காக கோமெசா என்ற ஆப்பிரிக்கச் சந்தைக் கூட்டமைப்பு எளிய சுங்க முறை ஒன்றை வகுத்திருப்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் அந்தச் சலுகை, குறிப்பிட்ட மதிப்புக்குள், பட்டியலில் இடம்பெற்ற பொருள்களுக்கு மட்டுமே. வெளிநாட்டுப் பயணிகளுக்கோ 2014இல் இரு நாடுகளும் சேர்ந்து ஒரே விசாவைக் கொண்டுவந்தன. அருவியின் வருமானம் இரு கரைக்கும் தேவை என்பதால் அந்த இணக்கம் வந்தது. இதையெல்லாம் அங்கே போய் நடந்து பார்ப்பது வெறும் மேட்டிமைப் பொழுதுபோக்கு என்றும் ஒரு வாதம் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் ஹெலிகாப்டரில் சுற்றுகிறவருக்குக் கண்ணில் படுவது அருவி மட்டும். நடப்பவர், மூட்டை கட்டிய சைக்கிளுக்கு வழிவிட்டு ஒதுங்கியாக வேண்டும். தன் கையிலுள்ள துண்டுச் சீட்டு அந்தச் சைக்கிள்காரருக்கு ஏன் போதாது என்ற கேள்வி அங்கேதான் எழும்.